எங்கள் தோட்டம் கற்பித்த பாடம்

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்னும் முதுமொழியை ஆறாம் வகுப்பு முதல் எத்தனையோ கட்டுரைகளில் எழுதி நாங்கள் மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது இந்த ஆண்டுதான். விளக்கியது பாடநூல் அன்று. பள்ளி முன்வாயிலருகே உள்ள பூந்தோட்டம். அந்தக் கதையை ஒளிவு மறைவின்றி ஆண்டு மலரில் எழுதிவிடுவது என்று நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் கூடிப் பேசி முடிவு செய்தோம். எங்களுக்குப் பெருமை தரும் கதை அன்று இது. ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் ஊர் அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் நிறைந்த பகுதி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், இங்கே கடல் இருந்தது என்று புவியியலார் கூறுகின்றனர். அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சேர்ந்து இறுகியதே இந்தச் சுண்ணாம்புக்கல். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட்டு என்னும் கடலுயிரின் கல்லுருவம் ஒன்று எங்கள் ஆய்வகத்து அலமாரியில் இருக்கிறது. அதே கல்லை வெட்டி ஏற்றிக்கொண்டு லாரிகள் இரவும் பகலும் எங்கள் பள்ளிச் சுவரோரமாகச் செல்கின்றன.

முன்வாயில் தோட்டத்தைப் பத்தாம் வகுப்பு மாணவியர் பராமரிப்பது எங்கள் பள்ளியின் வழக்கம். சிற்றாலயத்துப் பீடத்துக்கும், ஆண்டு விழா மேடைக்கும் அந்தத் தோட்டத்துப் பூக்களே செல்லும். எங்களுக்கு முந்திய அக்காமார் பூக்கூடைகளை ஏந்தி வரிசையாக நடந்து சென்ற காட்சியை ஐந்தாண்டுகளாகப் பார்த்துப் பார்த்து ஏங்கியவர்கள் நாங்கள். எங்கள் முறை எப்போது வரும் என்று காத்திருந்தோம். ஜூன் மாதம் அது வந்தது.

ஆனி முடிவதற்குள் பாத்தி கட்டி முடித்தோம். கனகாம்பரம், செவ்வந்தி, செம்பருத்தி, ரோஜா எனக் குழு பிரித்துக்கொண்டு நட்டோம். தொழு உரம் சுமந்தோம், களை பறித்தோம். தண்ணீர் ஊற்றுவது மட்டும் தோட்டக்காரத் தாத்தாவின் பொறுப்பு. அவருக்கு வயது அறுபதுக்கு மேல். அதிகம் பேசமாட்டார். “ஆகட்டும் பாப்பா” என்பதுதான் அவரிடமிருந்து நாங்கள் அதிகம் கேட்ட சொல்.

புரட்டாசியில் சாலையை அகலப்படுத்தும் வேலை தொடங்கியது. ஓரத்துப் புளியமரங்கள் போயின. சாலை எங்கள் சுவரை நெருங்கி வந்தது. ஓரங்களைத் தோண்டிப் போட்டபடியே வேலை பாதியில் நின்றது. அதை நாங்கள் பெரிதாக எண்ணவில்லை. ஏனெனில் ஐப்பசி பிறந்ததும் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. மழை நனைத்த செடிகள் பச்சைப் பட்டு உடுத்தாற்போல் தழைத்தன. கார்த்திகையில் செவ்வந்தி மொட்டுக் கட்டியபோது எங்கள் கால்கள் தரையில் பாவவில்லை.

மழை ஓய்ந்து மார்கழி பிறந்தது. ஒரு நாள் காலையில் சிறப்பு வகுப்புக்காகச் சீக்கிரமே வந்த எங்களுள் சிலர், விரும்பாத காட்சி ஒன்றைக் கண்டோம். தாத்தா ஒரு வேப்பங்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு செடிகளை மேலும் கீழுமாக அடித்துக்கொண்டிருந்தார். இலைகள் குலுங்கின, பனித்துளி தெறித்தது, இரண்டு மூன்று பூக்களும் விழுந்தன. எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சமா? “தாத்தா, செடியை ஏன் அடிக்கிறீங்க? பூவெல்லாம் கொட்டுது பாருங்க. இனிமே அடிக்காதீங்க!” என்று உரத்த குரலிலேயே சொன்னோம். அவர் எங்களை ஒரு கணம் பார்த்தார். “ஆகட்டும் பாப்பா” என்று சொல்லிவிட்டு வேப்பங்கொத்தைக் கீழே போட்டார். அதன்பின் அவர் அடிக்கவே இல்லை. வெற்றி பெற்றுவிட்டதாக நாங்கள் நினைத்தோம்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், தோட்டம் அடையாளமே தெரியவில்லை. இலைகளின் நிறம் மங்கி வெளுத்திருந்தது. செவ்வந்தி மொட்டுகள் விரியாமலே கருகியிருந்தன. கனகாம்பரக் கதிர்கள் பாதியில் நின்றுவிட்டன. வெயிலா? தை மாதத்தில் ஏது கடும் வெயில்! மழையின்மையா? கிணற்றில் நீர் நிறைந்திருந்தது. நோயா, பூச்சியா? இலையைப் புரட்டிப் பார்த்தோம், ஒன்றும் தென்படவில்லை. பருவம் நல்ல பருவம், மண் நல்ல மண், உரம் போட்டவர்கள் நாங்களே. மிச்சம் இருந்தது தண்ணீர் ஊற்றியவர் மட்டுந்தான். “விடுமுறையில் தாத்தா தண்ணீரே ஊற்றியிருக்கமாட்டார்” என்றாள் ஒருத்தி. “பகலிலேயே வேப்பமரத்தடியில் தூங்குகிறாரே” என்றாள் மற்றொருத்தி. “செடியை அடித்தவர்தானே!” என்றாள் இன்னொருத்தி. அன்று மாலைக்குள் கடிதம் தயாராகிவிட்டது. நாற்பத்திரண்டு பேரும் கையெழுத்திட்டோம். தாத்தாவை மாற்றிவிட்டு வேறு ஆளை நியமிக்க வேண்டும் என்று கேட்டு, தலைமையாசிரியைச் சகோதரியின் மேசையில் வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் சகோதரி எங்களை அழைத்தார்கள். கடிதம் அவர்கள் கையில் இருந்தது. “அவர் தண்ணீர் ஊற்றாததை உங்களில் யார் பார்த்தது?” என்று கேட்டார்கள். அறையில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. “நாற்பத்திரண்டு கையெழுத்து இருக்கிறது. கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. இந்தக் கடிதத்தால் ஒருவருடைய பிழைப்பு போய்விடும், தெரியுமா? ஒரு மாதம் தருகிறேன். நீங்கள் எழுதியது உண்மை என்று நிரூபியுங்கள். அதுவரை இது என் மேசை இழுப்பறையில் இருக்கும்” என்றார்கள். தலை குனிந்தபடி வெளியே வந்தோம்.

எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் போய் நின்றோம். அவர்கள் நேரடியாக விடை சொல்லவில்லை. ஒரு கதை சொன்னார்கள். பெல்ஜிய நாட்டில் வான் ஹெல்மாண்ட் என்றோர் அறிஞர் இருந்தாராம். உலர்ந்த மண் 200 ராத்தலைத் தொட்டியில் இட்டு, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை அதில் நட்டு, ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். பிறகு நிறுத்துப் பார்த்தால், மரத்தின் எடை 169 ராத்தலுக்கும் மேல். மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்சுதான். ஆகவே மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைந்தபின், 1648-இல் இந்தச் சோதனை நூலாக வெளிவந்தது. “அவர் எதை மறந்தார், சொல்லுங்கள் பார்ப்போம்” என்றார்கள் ஆசிரியை. நாங்கள் விழித்தோம். “காற்றை! ‘கேஸ்’ என்ற சொல்லையே உலகுக்குத் தந்தவர் அவர்தான். அப்படிப்பட்டவரே செடியைச் சூழ்ந்திருந்த காற்றை மறந்துவிட்டார். நீங்களும் மண்ணைப் பார்த்தீர்கள், தண்ணீரைப் பார்த்தீர்கள். காற்றைப் பார்த்தீர்களா?”

உண்மையில், செடியின் உலர்ந்த எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்தே வருகிறது. காற்றில் உள்ள கரியமில வாயுவை இலைத்துளைகள் வழியாக ஏற்று, வேர் உறிஞ்சிய நீருடன் சூரிய ஒளியின் துணையால் சேர்த்து, மாவுப்பொருளாக்குவதே ஒளிச்சேர்க்கை. செடி காற்றைத் தூய்மையாக்குவதை 1771-இல் ஜோசப் பிரீஸ்ட்லி புதினாச் செடியைக் கொண்டு கண்டார். அதற்கு ஒளி வேண்டும் என்பதையும், பசுமையான பாகங்களே அதைச் செய்கின்றன என்பதையும் 1779-இல் இங்கன்ஹௌஸ் காட்டினார். இவையெல்லாம் எங்கள் பாடத்தில் உள்ளவைதாம். மனப்பாடம் செய்திருந்தோம்; தோட்டத்துக்கு எடுத்துச் செல்லவில்லை.

அன்றே சோதனையைத் தொடங்கினோம். ஒரே அளவுள்ள ஆறு தொட்டிகளில் ஒரே மண்ணை நிரப்பி, ஒரே உயரமுள்ள கனகாம்பரச் செடிகளை வைத்தோம். இரண்டு தொட்டிகள் சாலைச் சுவரோரம், வெறுமனே. இரண்டு அதே இடத்தில். ஆனால் நாள்தோறும் காலையில் இலைகளை நீரால் கழுவி விடுவது. மற்ற இரண்டு பள்ளிக்குப் பின்னால், கிணற்றருகே. எல்லாவற்றுக்கும் நல்ல வெயில் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர். அதை ஊற்றித் தரும்படி தாத்தாவையே கேட்டோம். எங்கள் கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று எங்களுக்குத் தெரியாது. அவர் ஒரு பழைய தகரக் குவளையைத் தேடி எடுத்து வந்து, அதன் விளிம்பு வரை நிரப்பி, ஒரு சொட்டும் சிந்தாமல் ஆறு தொட்டிகளுக்கும் ஊற்றினார். கழுவும் தொட்டிகளில் அதிகப்படி நீர் மண்ணில் இறங்காதபடி சாக்கைக் கொண்டு மூடவும் அவரே வழி சொன்னார். தண்ணீர் ஊற்றமாட்டார் என்று நாங்கள் எழுதியது இவரைப் பற்றித்தான்.

இரண்டு வாரங்களில் வேற்றுமை தெரிந்தது. கிணற்றருகே இருந்தவை செழித்தன. சுவரோரத்தில் கழுவப்பட்டவை அவற்றுக்கு அடுத்தபடி நின்றன. கழுவப்படாத இரண்டும் மங்கிப்போயின. தண்ணீர் ஒன்றுதான், மண் ஒன்றுதான், கை ஒன்றுதான். வேறாக இருந்தது இலைமேல் படிந்த தூசி மட்டுமே.

அத்துடன் விடவில்லை. சுவரோரச் செம்பருத்தி இலைகளைக் கழுவி, அந்நீரை வடிகட்டி, கிடைத்த தூளை உலர்த்தினோம். அதன்மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில துளிகள் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. வெளிவந்த வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்த, நீர் பால்போல் ஆயிற்று. எங்கள் பாத்தியின் செம்மண்ணை அவ்வாறே சோதித்தபோது குமிழி ஏதும் எழவில்லை. தூசி எங்கள் தோட்டத்து மண் அன்று, சாலையில் சிந்திய சுண்ணாம்புக்கல்லே என்று தெளிந்தோம். பிறகு தூசி மூடிய இலையையும் கழுவிய இலையையும் பிற்பகலில் பறித்து, ஆசிரியையின் மேற்பார்வையில் நீர்த்தொட்டி மேல் ஆல்கஹாலில் சூடாக்கிப் பச்சையம் நீக்கி, அயோடின் விட்டோம். கழுவிய இலை முழுவதும் கருநீலமாயிற்று. தூசி இலையில் அங்கங்கே வெளிறிய திட்டுகள். மாவுப்பொருள் உண்டாகாத இடங்கள் அவை. எளிமையாகச் சொன்னால், அந்தச் செடி பட்டினி கிடந்திருக்கிறது.

மழைக்காலத்தில் ஏன் இப்படி ஆகவில்லை? சாலை அப்போதே தோண்டப்பட்டுத்தானே கிடந்தது? இங்கேதான் வானிலை வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சாலை நனைந்திருந்ததால் தூசி அதிகம் எழவில்லை. எழுந்ததையும் மழை கழுவிவிட்டது. மார்கழி, தையிலோ மழை இல்லை. வானம் தெளிந்த இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துவிடும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும். அதனால் புகையும் தூசியும் மேலெழுந்து கலைய முடியாமல் தாழ்வாகவே தேங்கும். அதே இரவில் இலையும் வெப்பத்தை இழந்து குளிர, அதன்மேல் பனி படியும். பனியில் தூசி குழையும். காலை வெயிலில் காய்ந்து பற்றுப்போல இலையில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் இன்னொரு பற்று. மனிதருக்கு இனிய பருவமே எங்கள் செடிகளுக்குக் கொடிய பருவமாகிவிட்டது. வெயிலும் மழையும் மட்டுமே பருவம் என்று நாங்கள் நினைத்திருந்தோம், காற்றும் பருவந்தான்.

தோழியரே, இதை எழுதும்போதுதான் எங்கள் கை நடுங்குகிறது. பனி காய்வதற்கு முன் அதை உதறிவிட்டால் தூசியும் அதனுடன் போய்விடும் அல்லவா? மார்கழிக் காலையில் தாத்தா வேப்பங்கொத்தால் செய்துகொண்டிருந்தது அதுதான்! அவர் செடியை அடிக்கவில்லை. அதன் முகத்தைத் துடைத்துவிட்டிருக்கிறார். நாங்கள் அதட்டி நிறுத்தினோம். நிறுத்திய பின்பே தோட்டம் வாடியது. வாடியதற்கு அவரையே குற்றஞ்சாட்டிக் கையெழுத்தும் போட்டோம்.

இதை முதலில் உணர்ந்தவள், கடிதத்தை எழுதித் தந்த எங்கள் வகுப்புத் தலைவிதான். அவள் அழுதாள். நாங்கள் எல்லோருமாக வேப்பமரத்தடிக்குப் போனோம். அவர் விழித்துத்தான் இருந்தார். “தாத்தா, அன்னைக்கு ஏன் சொல்லலை? பனியோடு தூசியை உதறுறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. “படிக்கிற புள்ளைங்க சொல்றீங்க, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றார்.

இதற்குப் பதில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடிதத்தைப் பற்றியும் நாங்களே சொன்னோம். “தெரியும் பாப்பா. போகட்டும்” என்றார். தெரிந்துகொண்டே அவர் அத்தனை நாளும் விளிம்பு வரை நிரப்பிய குவளையைச் சிந்தாமல் ஊற்றியிருக்கிறார். மாலையில் சகோதரியிடம் சென்று எங்கள் கடிதத்தைத் திரும்பக் கேட்டோம். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் இழுப்பறையைத் திறந்து கொடுத்தார்கள். அதை நாங்கள் கிழிக்கவில்லை. எங்கள் சோதனைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

பிறகு நூலகத்தில் தேடிப் படித்தோம். காற்றின் தூய்மையைச் செடிகள் காட்டும் என்பது உலகம் அறிந்த செய்தி. 1866-இல் நைலாண்டர் என்ற அறிஞர், பாரிசு நகரில் மரப்பட்டைகளில் படரும் லைக்கன்கள் நகரக் காற்றின் மாசினால் அருகுவதைக் குறிப்பிட்டார். மழைநீர் அமிலமாவதற்கு ‘அமில மழை’ என்று 1872-இல் பெயரிட்டவர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித். வாகனப் புகை வெயிலில் மாறி ஓசோனாகி இலைகளைக் கெடுக்கிறது. நம் நாட்டில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் வந்தது. தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019-இல் தொடங்கியது. எந்தச் செடி தூசியைத் தாங்கும் என்றும் பார்த்தோம். நெடுஞ்சாலைகளின் நடுவே அரளியை ஏன் வைக்கிறார்கள் தெரியுமா? அதன் இலைத்துளைகள் இலையின் அடிப்புறத்தில் சிறு குழிகளுக்குள், மெல்லிய உரோமங்களின் காவலில் இருக்கின்றன. ஆனால் அரளி நச்சுச் செடி. சின்னஞ்சிறு தங்கையர் விளையாடும் இடத்துக்கு அது ஆகாது. ஆகவே தாத்தாவின் யோசனைப்படி சுவரோரம் நொச்சியை நெருக்கமாக நட்டு, இடையிடையே புங்கங்கன்றுகளை வைத்திருக்கிறோம். அவை வளர்ந்தால் தூசியைத் தாங்கி நிறுத்தும் பச்சைத் திரையாகும்.

இன்னொன்றும் செய்தோம். இலைத்துளைக்குள் போகும் தூசி எங்கள் மூக்குக்குள்ளும் போகிறது அல்லவா? முன் வரிசை வகுப்பறையில் பனிக்காலம் முழுவதும் இருமல் ஓயவில்லை. செடியாவது மழை வந்தால் கழுவப்படும்; நுரையீரலைக் கழுவ மழை ஏது? ஆகவே, சாலை ஓரங்களை மூடித் தார் போடவும், லாரிகள் கல்லைத் தார்ப்பாயால் மூடிச் செல்லவும், அதுவரை சாலையில் தண்ணீர் தெளிக்கவும் வேண்டி, உரிய அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். இதிலும் நாற்பத்திரண்டு கையெழுத்துகள். ஆனால் இந்தத் தடவை கையெழுத்துகளுக்கு முன்னால் சோதனையின் விவரம் முழுவதும் இருக்கிறது. நாற்பத்து மூன்றாவதாகத் தாத்தாவின் கையெழுத்தையும் கேட்டு வாங்கினோம். அவர் தம் பெயரை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்கிறோம்.

ஆண்டு விழா மேடைக்கு இந்த ஆண்டு பூக்கள் குறைவு. எங்கள் கூடைகள் நிரம்பவில்லை. இருந்த கனகாம்பரத்தை ஒரே சரமாகக் கட்டிப் பீடத்துக்குத் தந்துவிட்டோம். மேடையில் வெறும் இலைத்தோரணம்தான். ஆனால் அந்த இலைகள் தூசியின்றிப் பளபளத்தன. அன்று அதிகாலையில் நாங்கள் தாத்தாவுடன் நின்று, ஆளுக்கொரு வேப்பங்கொத்துடன் பனியை உதறியிருந்தோம்.

அடுத்த ஆண்டு இத்தோட்டத்தை ஏற்கப்போகும் தங்கையரே! பாத்தியும், குவளையும், குறிப்பேடும் உங்களுக்கு. மார்கழி பிறந்ததும் தாத்தாவிடம் போய், “இன்னைக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கணும் தாத்தா?” என்று கேளுங்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தை மறவாமல் படியுங்கள்.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி